கச்சேரி இல்லாத பகல்

ஈஸ்டர் நெருங்கினால் அமெரிக்கத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்குக் கிளீவ்லாந்து ஞாபகம் வந்துவிடும். 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை, கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் நாள்கணக்கில் நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டுப்போட்டி, பெரியவர்களுக்குக் கச்சேரி, எல்லோருக்கும் சாம்பார் சாதம். பட்டுப்புடவைக்கு மேல் பனிக்கால ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஆலாபனைக்கு நடுவில் ‘இது சாருகேசியா?’ என்று பக்கத்து நாற்காலியைக் கேட்கிறவர்கள் நிறைந்த கூட்டம். ஈரி ஏரியிலிருந்து வருகிற காற்று ஏப்ரலிலும் எலும்பைத் தேடும்.

இந்த உற்சவத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் பகல்பொழுதைப் பற்றிச் சொல்வதில்லை. மகளின் போட்டி முடிந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மாலைக் கச்சேரிகளில் ஒன்றைக்கூட விட மனமில்லை. அதுவரை ஓட்டல் அறையில் மூன்று தலைமுறை என்ன செய்வது? பார்மாவில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்கு வந்தவுடனேயே போயாயிற்று. நயாகராவுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்க வேண்டும், அன்றைய கச்சேரி அதோடு சரி. கடைகளுக்குப் போகலாம் என்றேன். “கடைதான் கும்பகோணத்துலயும் இருக்கே” என்று அம்மா முடித்துவிட்டார்.

கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தை நான் நினைத்ததற்கு முதல் காரணம், உள்ளே போகக் கட்டணம் கிடையாது என்பது. கௌரவமான காரணங்களைப் பிறகுதான் யோசித்துச் சேர்த்தேன்.

“ஓசியில விடறாங்கன்னா உள்ள என்ன பெருசா இருக்கப்போவுது?” என்றார் அம்மா.

நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் சொல்ல, கிளீவ்லாந்து பணக்கார ஊராக இருந்த காலத்துக்குப் போகவேண்டியிருந்தது. ராக்கஃபெல்லர் 1870-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை ஆரம்பித்தது இந்த ஊரில். எண்ணெய், எஃகு, தந்தி, வங்கி என்று நான்கு பக்கமும் காசு கொட்டிய அந்த நாளில் ஹர்ல்பட், ஹன்டிங்டன், கெல்லி என்று மூன்று பேர் தனித்தனியாக ஓர் அருங்காட்சியகத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். வேட் குடும்பம் நிலத்தைக் கொடுத்தது. 1913-இல் அமைப்பு உருவாகி, 1916 ஜூனில் கதவு திறந்தது. எல்லா மக்களின் நன்மைக்காகவும், என்றென்றைக்கும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. அன்று போட்டு வைத்த மூலதனமும் அதற்குப் பிறகு வந்த கொடைகளும்தான் இன்றைக்கும் டிக்கெட் இல்லாமல் விடுவதற்கு அடிப்படை. அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. “கட்டளை மாதிரி எழுதி வச்சிருக்காங்க” என்றார். உச்சிக்காலத்துக்கு நெய்விளக்கு எரிய நிலம் எழுதி வைத்த ஊர்க்காரர் அவர்.

கட்டணம் இல்லை என்பது திட்டத்தையே மாற்றிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வெளியூர்க்காரருக்கு 30 டாலர். அங்கே நாங்கள் குடும்பத்தோடு போனபோது, காசு கொடுத்த பஃபேயில் தின்ன முடியாததையும் தட்டில் அள்ளுகிற மாதிரி, எகிப்திலிருந்து ஆரம்பித்து ஒரு கூடத்தையும் விடாமல் சுற்றினோம். கடைசியில் ஞாபகம் இருந்தது கால்வலி மட்டும். கிளீவ்லாந்திலும் 60,000-க்கு மேல் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே ஓர் அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் எதுவும் நஷ்டமில்லை. எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை நிதானமாக யோசிக்கலாம்.

ராத்திரி கச்சேரி முடிந்து வந்து, மடிக்கணினியைக் கட்டிலின் நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டே இரண்டு பொருள்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஆறு பொருள்கள், நடுநடுவே உட்காரும் இடம், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடுவது. இந்த அருங்காட்சியகத்தில் இப்படித் திட்டமிடுவது சுலபம். 2019 ஜனவரியில் தங்களிடம் உள்ள 30,000 கலைப்பொருள்களின் படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் தூரிகையின் தடம்வரை தெரிகிறது. அதைவிட உபயோகமானது, இப்போது காட்சியில் இருப்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி. இருப்பதில் பெரும்பகுதி எப்போதும் கிடங்கில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் போகிறவர்கள், ஆசைப்பட்ட படத்துக்காகக் கூடம் கூடமாக அலைந்துவிட்டு வருவார்கள்.

எனக்கு அந்த ஏமாற்றம் ராத்திரியே கிடைத்துவிட்டது. அக்பர் காலத்து ‘தூத்தி நாமா’ ஓவியச் சுவடி இங்கேதான் இருக்கிறது. கிளி சொன்ன கதைகள். கணவன் ஊரில் இல்லாதபோது வெளியே கிளம்புகிற மனைவியை, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை சொல்லிக் கிளி நிறுத்தி வைக்கும். வடமொழியில் சுகசப்ததி என்று வழங்கியதைப் பாரசீகத்தில் நக்ஷபி 14-ஆம் நூற்றாண்டில் எடுத்து எழுதினார். அக்பரின் ஓவியக்கூடம் ஆரம்பமான புதிதில், முகலாய பாணி என்று ஒன்று இன்னும் முழுதாகக் கெட்டிப்படாத சமயத்தில் வரைந்தவை. என் இரண்டில் ஒன்று அதுதான் என்று வைத்திருந்தேன். காகிதத்தில் வரைந்தவற்றை வெளிச்சத்தில் அதிக நாள் வைத்தால் நிறம் போய்விடும் என்பதால் சில மாதம் வெளியே, பல மாதம் இருட்டில் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் போன சமயம் கிளி இருட்டில் இருந்தது.

மகள் யோசிக்காமல் சொன்னது கவசக் கூடம். குதிரைக்குக்கூட இரும்புச் சட்டை போட்டு நிறுத்தியிருக்கும் அந்தக் கூடம் 1916-இலிருந்து இருக்கிறது. கிளீவ்லாந்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் முதலில் ஓடியிருப்பார்கள். இரண்டாவதாக அவள் கேட்டது தொடுதிரைச் சுவர், 40 அடி நீளம். ‘அது கலைப்பொருளா?’ என்று நான் ஆட்சேபித்தேன். ‘சட்டத்தில் அப்படிச் சொல்லவில்லையே’ என்றாள். சரிதான்.

நான் டர்னரை எடுத்துக்கொண்டேன். 1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததை வரைந்த படம்.

அம்மா திரையில் ஓடிய படங்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நடராஜர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எல்லோரும் எதிர்பார்ப்பது போலக் கையெடுத்துக் கும்பிடவில்லை. “இதைச் சுத்திப் பாக்க விடுவாங்களா? பின்பக்கம்?” என்றார்.

அம்மா பிறந்தது சுவாமிமலையில். பக்கத்துத் தெருவில் ஸ்தபதிகளின் பட்டறை. சின்ன வயதில் அவர் விளையாடியது அந்தப் பட்டறை வாசலில், மெழுகுத் துண்டுகளை உருட்டிக்கொண்டு. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிப்பது, தென்னை ஓலைக்கீற்றை மடித்து மடித்து அளவு எடுப்பது, காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசிப் பூசி உலர்த்துவது, மண்கூட்டைச் சுட்டு மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது, எல்லாம் கேட்டால் வரிசையாகச் சொல்வார். உலோகம் ஊற்றுகிற நேரம் பிள்ளைகளைத் துரத்திவிடுவார்களாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு நடராஜர் என்றால் முதலில் வேலைப்பாடு, பிறகு சாமி. இந்த வரிசையைப் பக்தர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஸ்தபதிகள் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது என்ன என்று கேட்டேன். “அதப் பாத்துட்டு நேரம் இருந்தா சொல்றேன்.”

திங்கட்கிழமை விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், ஆனால் அந்த நேரம் கச்சேரிக்குச் சொந்தம். ஆக செவ்வாய், பத்து மணிக்கு. நுழைவுதான் இலவசம், வண்டி நிறுத்தக் காசு உண்டு, தனிக் கண்காட்சிகளுக்கு டிக்கெட் உண்டு. காரை ஓட்டலிலேயே விட்டோம். பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே யூக்ளிட் அவென்யூவில் ஹெல்த்லைன் பேருந்து ஓடுகிறது. சாலையின் நடுவில் அதற்கென்று தனித் தடம், தனி நிறுத்தங்கள். ஏறி உட்கார்ந்தால் கிழக்கே ஒரே நேர்கோடு, யுனிவர்சிட்டி சர்க்கிளில் இறங்கிவிடலாம். இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் செய்யவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து போகிறவர்கள் வடக்குப் பக்க வாசலில் நுழைகிறார்கள். யூக்ளிட்டிலிருந்து நடந்து போகிறவர்களுக்குத்தான் தெற்குப் பக்கம் கிடைக்கிறது: முதலில் குளம், குளத்துக்கு அப்பால் தோட்டம், மேட்டின் மேல் 1916-ஆம் ஆண்டின் வெள்ளைப் பளிங்குக் கட்டடம், படிகளின் உச்சியில் ரோடாங்கின் ‘சிந்தனையாளர்’.

குளத்தங்கரையில் காற்று அடித்த அடியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். படியேறி அந்தச் சிலையின் கீழ் வந்ததும் நின்றுவிட்டார்.

“காலு என்ன ஆச்சு இவருக்கு?”

காலின் கீழ்ப்பகுதி பிய்ந்து போயிருக்கிறது. வெண்கலம் துணியைப் போலக் கிழிந்து விரிந்து, ஓரங்கள் வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கின்றன. மழைபட்டுப் பச்சை ஓடிய அந்த விளிம்புகளைக் கிட்டத்தில் பார்த்தால், உலோகம் எந்தத் திசையில் தள்ளப்பட்டது என்பதுகூடத் தெரிகிறது. 1970 மார்ச் 24 நள்ளிரவுக்குப் பிறகு யாரோ இதன் அடியில் வெடி வைத்தார்கள். வியட்நாம் போர் எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த காலம், தீவிரவாதக் குழு ஒன்றின் மீது சந்தேகம் விழுந்தது, ஆனால் யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. சிலை பீடத்திலிருந்து கீழே விழுந்தது. ரோடாங் உயிரோடு இருந்தபோது அவர் மேற்பார்வையில் வார்த்தவற்றில் ஒன்று இது. அப்போது இயக்குநராக இருந்த ஷெர்மன் லீக்கு முன்னால் மூன்று வழிகள்: பழுது பார்ப்பது, வேறொரு வார்ப்பை வாங்கி வைப்பது, அப்படியே விடுவது. அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, வாசலிலேயே மறுபடியும் ஏற்றி வைத்தார்.

அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. “பின்னமான மூர்த்திய யாராவது வாசல்ல வைப்பாங்களா? நம்ம ஊர்ல ஒரு விரல் ஒடஞ்சாலும் சன்னதிய விட்டு எடுத்துடுவாங்க. பழுது பாத்து மறுபடி பிரதிஷ்டை பண்ணுவாங்க, இல்ல வேற வார்ப்பாங்க.”

“இது சாமி இல்லையேம்மா.”

“அது தெரியுது. வெடி வச்சவன் பண்ணினதையும் சேத்துல்ல வச்சிருக்காங்க.”

நான் இந்தச் சிலையைப் பற்றிப் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் இதையே பல பக்கங்களில் விவாதிக்கிறார்கள். ரோடாங் செய்தது எது, 1970 செய்தது எது என்று இனிப் பிரிக்க முடியாது. பழுதுபார்த்தால் ஒன்று போய்விடும், பார்க்காவிட்டால் இன்னொன்று கிடைக்காது. எனக்கு ஷெர்மன் லீயின் முடிவு பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அது அவருடைய இரண்டாவது பொருள் என்று மட்டும் அறிவித்துவிட்டார்.

கட்டடத்தைச் சுற்றி வடக்கு வாசலுக்குப் போகிற வழியில் சாம்பல் கோடுகள் போட்ட பிரம்மாண்டமான கருங்கல் சுவர் வரும். 1971-இல் மார்செல் ப்ராயர் கட்டியது. உள்ளே நுழைந்தால், பழைய கட்டடத்தையும் புதியவற்றையும் இணைத்து ரஃபயேல் வின்யோலி போட்ட கண்ணாடிக் கூரை, அதன் கீழே கல்யாண மண்டபங்களை முழுங்கிவிடுகிற அளவு முற்றம். சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரும் கேட்பதில்லை. கோட்டையும் குடையையும் வாங்கி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. சக்கர நாற்காலியும் கேட்டால் தருகிறார்கள். அம்மா வேண்டாம் என்றார். இரண்டு கூடம் தாண்டியதும் ‘அது இன்னும் இருக்குமா?’ என்று விசாரித்தார்.

மேற்குச் சிறகில் இந்தியக் கூடம். நடராஜர் தரையிலிருந்து உயர்ந்த மேடையில், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், ஒட்டுத்துணி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். சோழர் காலத்து வெண்கலம். நாம் கோயிலில் பார்க்கிற உற்சவமூர்த்தியில் முகத்தையும் பாதத்தையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. மீதியெல்லாம் பட்டும் பூவும் நகையும். இடுப்பு ஒடிவதும் தூக்கிய காலின் தொடை திரும்புகிற விதமும் அர்ச்சகருக்கும் ஸ்தபதிக்கும் மட்டும் தெரிந்த விஷயங்களாக இருந்தன. இங்கே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள். நல்லதா கெட்டதா என்றால் எனக்கு நல்லதாகத்தான் படுகிறது, ஆனால் கொஞ்சம் கூச்சத்தோடு.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக்கு நகர்ந்தார். முன்னால் நின்றது கொஞ்ச நேரம்தான். பின்தலையில் சடை இறங்குகிற இடத்தையும், திருவாசி பீடத்தோடு சேருகிற இடத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். “திருவாசியத் தனியா வார்த்து சேப்பாங்க சில பேர். இது எப்பிடின்னு பாக்கறேன்.” முயலகனின் முதுகு, அவன் மேல் ஊன்றிய பாதம். பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில். அதில் உலோகம் சரியாக ஓடாவிட்டால் மொத்த வேலையும் போச்சு, உடைத்து உருக்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். அச்சை ஒருமுறைதான் உபயோகிக்க முடியும், உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால்தான் இன்னொன்று இதே மாதிரி கிடையாது.

முகம் இன்னும் கிட்டத்தில் போய்விட்டது போலிருக்கிறது. காவலர் ஒருவர் மெதுவாக வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையால் சொன்னார். அம்மா உடனே ஓர் அடி பின்வாங்கி, என்னைப் பார்த்து, “எவ்வளவு எடை வரும், கனவார்ப்பான்னு அவரக் கேளு” என்றார். கேட்டேன். காவலர் சிரித்துவிட்டு, தன் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார். பதில் அவரிடமும் இல்லை. அம்மா தனக்குத் தெரிந்த பதிலைத் தமிழில் அவருக்கே சொன்னார். சுவாமிமலையில் உள்ளே பொள்ளல் வைக்காமல் வார்ப்பதுதான் வழக்கம், தூக்க நாலு ஆள் வேண்டும் என்று. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. “எந்தக் கோயில்து?”

அட்டையில் தென்னிந்தியா, தமிழ்நாடு, சோழர் காலம் என்ற அளவில்தான் இருந்தது. பதிவு எண் 1930 என்று ஆரம்பிக்கிறது, அந்த ஆண்டு இங்கே வந்து சேர்ந்தது என்று அர்த்தம். பழம்பொருள்களை வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்குப் பல காலம் முன்பு. ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் திரும்பி வந்ததை அம்மா டிவியில் பார்த்திருக்கிறார். இதே கிளீவ்லாந்துக்காரர்களும் 2015-இல் ஓர் அனுமனைக் கம்போடியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். “அதுக்கு எந்த எடத்துலேந்து எடுத்தாங்கன்னு தெரிஞ்சிருக்கு, குடுத்தாங்க. இவருக்கு ஊரே தெரியலியே, எங்க அனுப்பறது?” அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் தெளிவான கருத்து இல்லை. ஊர் தெரிந்தால் போகவேண்டும், தெரியாதவரை டிக்கெட் இல்லாத இடத்தில் இருப்பது தனியார் மாளிகை ஒன்றில் இருப்பதைவிட மேல், அவ்வளவுதான்.

டர்னருக்கு முன்னால் பெஞ்சு இருந்தது, எல்லோருக்கும் நிம்மதி. வானம் பாதி தீ, தேம்ஸ் நதியில் மீதித் தீ. கரை நெடுகக் கருப்புக் கருப்பாக ஜனக்கூட்டம், படகுகளிலும் ஆள்கள். “இவங்க ஏன் தண்ணி ஊத்தாம நிக்கறாங்க?” என்றாள் மகள். அம்மா உடனே, “தீப்பிடிச்சா வேடிக்கை பாக்க எல்லா ஊர்லயும் ஆள் இருக்கும் பாப்பா” என்றார். டர்னரும் வேடிக்கை பார்க்கப் போனவர்தான்.

கவசக் கூடத்தில் மகள் குதிரையை விட்டு நகரவில்லை. தொடுதிரைச் சுவரில் அம்மாவும் சேர்ந்து விளையாடினார், விரல் பட்டதும் படம் பெரிதாகி வந்தது அவருக்குப் பிடித்திருந்தது. கிளி இல்லாத குறைக்கு என் கணக்கில் ஒன்று பாக்கி இருந்தது. மோனேயின் அல்லிக்குளத்தை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மூன்று பெரிய துணிகளாக அவர் வரைந்த ஒரே குளத்தில் இடது பாகம் கிளீவ்லாந்துக்கு வந்தது, மற்ற இரண்டும் செயின்ட் லூயிஸிலும் கான்சாஸ் சிட்டியிலும் இருக்கின்றன. ஆனால் மணி மூன்று தாண்டிவிட்டது. அம்மாவின் முழங்கால் பேச ஆரம்பித்திருந்தது. காசு கொடுத்து வந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருப்பேன். குளத்தை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அன்றைய கச்சேரியில் அம்மா முதல் வரிசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அவர் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சித்தியின் மகன் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறான், அடுத்த ஈஸ்டருக்குச் சித்தியும் கிளீவ்லாந்து வருவதாகத் திட்டம்.

“எல்லாத்தையும் பாக்கணும்னு போவாத, பைத்தியம் பிடிச்சிடும். ராத்திரியே கம்ப்யூட்டர்ல பாத்து ரெண்டு வச்சுக்க. குளத்தங்கரை வழியா போ, அந்தக் கால் போன ஆள பாத்துட்டு உள்ள போ. நடராஜர முன்னாடியே நின்னு பாத்துக்கிட்டு இருக்காத, பின்பக்கம் போ. ரொம்ப கிட்ட போனா ஒருத்தர் வருவாரு, நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லமாட்டாரு... என்னது? டிக்கெட்டா? அதெல்லாம் கிடையாதுடி. உன் பையன் காரை எடுத்துக்கிட்டு வருவான், விடாத. அதுக்குத்தான் காசு.”